டம்ளருக்குள் இரண்டு வெள்ளிக் கம்பி

வாசகர் கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். என் தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். போன மாதம் வந்திருந்தபோது மூன்று 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வெள்ளிக் கம்பி, ஒரு கண்ணாடி டம்ளர் இவற்றை வைத்துக் கூழ்ம வெள்ளி செய்து காட்டினான். கொலாய்டல் சில்வர் என்று இதைத்தான் சொல்கிறார்களாம். டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 20 பிபிஎம் காட்டியது. எந்தக் கிருமியையும் கொல்லும், சர்க்கரைப் புண் ஆறும் என்கிறான். மாமனார் மூன்று வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் குடிக்கிறார். அவர் கால் புண்ணையும் அதனாலேயே கழுவுகிறோம். மாமியார் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர், அவரும் ஒரு வாய் குடிக்கிறார். என் நான்கு வயது மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, எடை 14 கிலோ. அவனுக்கும் கொடுக்கலாமா? கம்பி தேய்ந்துவிட்டால் என் பழைய கொலுசை நிமிர்த்திப் பயன்படுத்தலாமா? போர் தண்ணீரில் கலந்தால் அதுவும் சுத்தமாகுமா?

மருத்துவர் பதில்:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாமனாரும் மாமியாரும் குடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பையனுக்குக் கொடுக்கவே வேண்டாம். புண்ணில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மூன்று வாரம் குடித்துவிட்டாரே என்று பயப்பட வேண்டியதில்லை, அதற்கான கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் அவருடைய கால் புண்ணை இந்த வாரமே ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வெள்ளியைவிட அந்தப் புண்தான்.

உங்கள் தம்பி செய்து காட்டியதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தக் கருவி வேலை செய்கிறது. இரண்டு வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் நிறுத்தி பேட்டரியை இணைத்தால், நேர்முனையில் இருக்கும் கம்பியிலிருந்து வெள்ளி அயனிகள் கழன்று தண்ணீருக்குள் வரும். 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். 1830களில் ஃபாரடே வகுத்த மின்பகுப்பு விதி சொல்வது இது. 200 மில்லி தண்ணீரில் 4 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம், அதாவது 20 பிபிஎம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மின்னோட்டம் ஒரே அளவில் நிற்பதில்லை. சுத்தமான வாலை வடிநீரில் தொடக்கத்தில் மின்சாரம் பாயவே தயங்கும். கொஞ்சம் வெள்ளி இறங்கியதும் தண்ணீரின் கடத்தும் திறன் கூடும், மின்னோட்டமும் கூடும், இன்னும் வேகமாக வெள்ளி இறங்கும். பத்து நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் நீங்கள் திரும்பி வரும்போது டம்ளரில் இருப்பது வேறு சரக்கு. எதிர்முனைக் கம்பியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் படிந்திருக்கும், அடியில் கறுப்பாக வண்டல் இறங்கியிருக்கும். அவ்வப்போது கம்பியைத் துடைத்துவிடச் சொல்வது இதனால்தான்.

வந்த தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கூழ்மமும் இல்லை. கூழ்மம் என்றால் வெள்ளி உலோகத்தின் மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்க வேண்டும். பேட்டரி முறையில் வீட்டில் செய்வதில் பெரும்பங்கு கரைந்த அயனி, துகள்கள் கொஞ்சம்தான். லேசர் டார்ச் அடித்தால் தண்ணீருக்குள் ஒளிக்கோடு தெரிகிறது, அதனால் இது அசல் கூழ்மம் என்று சிலர் காட்டுவார்கள். துகள் இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும். எத்தனை, எந்த அளவில் என்பதைச் சொல்லாது. தேன் மஞ்சள் நிறம் வந்தால் தரமானது என்பதும் அப்படித்தான். சிறு வெள்ளித் துகள்கள் நீல ஒளியை உறிஞ்சுவதால் மஞ்சள் தெரிகிறது, மருந்துச் சத்து ஏறியதால் அல்ல.

இப்போது அந்த மீட்டர். டி.டி.எஸ். மீட்டர் வெள்ளியை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருப்பது சாதாரண உப்பு வகை என்று வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. மிதக்கும் துகள்கள் அதன் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. டம்ளரைக் கழுவிய போர் தண்ணீரில் நாலு சொட்டு ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர்கள் இரும்புக் கம்பியை விட்டு உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சேறாக்கிக் காட்டியதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி கரைந்ததுதான் அந்தச் சேறு. அதே வகைக் காட்சிதான் இதுவும், வெள்ளியைக் கொண்டு செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம். உண்மையான அளவு தெரிய வேண்டுமானால் உலோகங்களை அளக்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். மீட்டர் 20 என்றால் 20 இருக்கலாம், 8 இருக்கலாம், துகள்களையும் சேர்த்தால் 60 இருக்கலாம். அளவு தெரியாத ஒன்றை மருந்து என்று குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கொலுசு விஷயம். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கடிதத்திலேயே ஆபத்து அதிகமான யோசனை இதுதான். நம் பக்கத்தில் கொலுசு என்றால் பெரும்பாலும் சேலத்துச் சரக்கு. சுத்த வெள்ளி மிருதுவானது, அதில் கொலுசு செய்தால் வளைந்துவிடும். அதனால் செம்பு கலப்பார்கள். 925 என்று முத்திரை குத்திய வெள்ளியிலேயே ஆயிரத்தில் 75 பங்கு வேறு உலோகம். 70 டச், 80 டச் என்று விற்கும் கொலுசில் இன்னும் அதிகம். மின்சாரம் ஓடும்போது கம்பியில் இருப்பதெல்லாம் கரையும், வெள்ளி மட்டும் வரிசையில் முன்னால் வந்து நிற்காது. செம்பும் துத்தநாகமும் வரும். கண்ணிகளையும் முத்துகளையும் பற்றவைத்த இடங்களில் காட்மியம் இருந்தால் அதுவும் வரும். நகைக்கடையில் கே.டி.எம். என்று சொல்வார்களே, அது இந்தக் காட்மியப் பற்றவைப்பைத்தான். காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்து பல வருடங்கள் நகராது. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகம் ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது. கொலுசைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள்.

வடிநீருக்குப் பதில் மெக்கானிக் கடையில் வாங்கும் பேட்டரி தண்ணியைப் பயன்படுத்தினாலும் இதே கேள்விதான். அது குடிப்பதற்காகத் தயாரித்தது அல்ல. பேட்டரிக்குப் பதில் வேகமாக வருமென்று வீட்டுக் கரண்டில் பல்பு போட்டு இணைப்பவர்களும் இருக்கிறார்கள். தம்பி எலக்ட்ரீஷியன், அதை அவரே உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

வெள்ளி கிருமியைக் கொல்லுமா? கொல்லும். இதில் உங்கள் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. வெள்ளி அயனி கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். 1880களில் ஜெர்மனியில் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். பிரசவ வழியில் தொற்றிய கிருமியால் குழந்தைகளுக்குப் பார்வை போவது அதனால் பெருமளவு குறைந்தது. 1960களின் கடைசியில் வந்த சில்வர் சல்ஃபாடையஸின் களிம்பை இன்றும் தீக்காய வார்டுகளில் பார்க்கலாம். சில வாட்டர் ஃபில்டர்களில் கரித்தூளின் மேல் வெள்ளி பூசியிருப்பார்கள், ஃபில்டருக்குள்ளேயே கிருமி வளரக் கூடாது என்பதற்காக.

இந்த எல்லா உதாரணங்களிலும் வெள்ளி வெளியே நின்று வேலை பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணின் மேல், தோலின் மேல், ஃபில்டருக்குள். குடித்தால் கதை வேறு. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டவுடன் வெள்ளி குளோரைடாக மாறும், அது தண்ணீரில் ஏறக்குறைய கரையாத பொருள். அதைத் தாண்டிக் கொஞ்சம் இரத்தத்துக்குள் போனாலும் அங்கேயும் குளோரைடு, போதாததற்குக் கந்தகம் நிறைந்த புரதங்கள். கிருமியைப் பிடிக்க வேண்டிய வெள்ளி வழியிலேயே இவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமி செத்துப் போவதைக் காட்டும் வீடியோ உண்மையாகவே இருக்கலாம். அதனால் வயிற்றில் ஊற்றியது பாதத்துப் புண்ணுக்குப் போய்ச் சேரும் என்று ஆகிவிடாது.

குடித்த வெள்ளியில் பெரும்பகுதி மலத்தில் வெளியேறிவிடும். உடம்பில் தங்குகிற சிறு பங்குதான் பிரச்சினை. அது தோலில் போய்ப் படிகிறது. வெயில் பட்டதும் கறுக்கிறது. அந்தக் காலத்து ஃபிலிம் ரோலில் படம் விழுந்தது எந்த ரசாயனத்தாலோ அதேதான் இங்கும் நடக்கிறது, நெகட்டிவ் என்பது இங்கே நம் முகம். ஆர்ஜீரியா என்பது இதற்கு மருத்துவப் பெயர். அரிக்காது, வலிக்காது, எரியாது. அதனால் ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. முகம், கழுத்து, கை என்று வெயில் படும் இடங்கள் ஸ்லேட்டுப் பலகை நிறத்துக்குப் போகும். நம் தோல் நிறத்தில் இதைக் காட்டில் வேலை செய்து கறுத்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் நகத்தின் அடியில் உள்ள வெண்பிறையைப் பாருங்கள், ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். அங்கே நீலச் சாம்பல் தெரிந்தால் அது வெயில் வேலை இல்லை.

அமெரிக்காவில் பால் கரேசன் என்பவர் வீட்டில் தானே செய்த வெள்ளித் தண்ணீரைப் பல வருடங்கள் குடித்தார், தோல் நோய்க்காக முகத்திலும் பூசினார். 2008இல் தொலைக்காட்சியில் தோன்றியபோது முகமும் தாடிக்குள் தெரிந்த தோலும் நீலமாக இருந்தன. 2013இல் இறக்கும்வரை அந்த நிறம் அவரை விட்டுப் போகவில்லை. மான்டானா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவரும் இப்படித்தான். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோய் ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, 1999இலிருந்து வீட்டில் செய்து குடித்தார். நின்றுபோன கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, அவர் நிறம் மட்டும் மாறிவிட்டது. படிந்த வெள்ளியை வெளியே எடுக்க மருந்து கிடையாது. ஈயத்தை உடம்பிலிருந்து இழுக்கும் மருந்துகள் இதற்குப் பயன்படவில்லை. சில வகை லேசரால் நிறம் மங்கியதாகப் பதிவுகள் உண்டு, ஆனால் செலவும் வலியும் நிறைந்த வேலை. மிக அரிதாக வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு வந்தவர்களும் உண்டு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இலேயே, கடையில் நேரடியாக விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் எந்த நோய்க்கும் பாதுகாப்பானவை, பலனுள்ளவை என்று ஏற்க முடியாது என முடிவு செய்துவிட்டது. 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று இதை விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. நம் நாட்டிலும் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. செல்போனில் வரும் வீடியோக்காரர்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வாழ்நாள் முழுக்க தினம் உள்ளே போனாலும் தோல் நிறம் மாறாது என்று வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 0.3 மில்லிகிராம். மாமனார் குடித்த அரை டம்ளரை 100 மில்லி என்றும், மீட்டர் சொன்ன 20 பிபிஎம் சரி என்றும் வைத்துக்கொண்டால் தினம் 2 மில்லிகிராம். எல்லையைப் போல ஆறேழு மடங்கு. ஆனால் மூன்று வாரத்துக்கு மொத்தம் 42 மில்லிகிராம்தான். வாழ்நாளில் எல்லாம் சேர்த்து 10 கிராம் வரை உள்ளே போனாலும் தீங்கு தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த அளவை எட்ட இதே வேகத்தில் பதிமூன்று வருடங்களுக்கு மேல் ஆகும். அதனால் அவர் நீலமாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம், இப்போது நிறுத்தினால் போதும். கம்பியைக் கூடுதல் நேரம் விட்டு 100 பிபிஎம் ஆகியிருந்தால் அந்தப் பதிமூன்று வருடம் மூன்று வருடத்துக்கும் கீழே வந்துவிடும். குடிக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே வாய்ப்பில்லை.

உங்கள் மகனுக்கு 14 கிலோ என்றால் எல்லை நாளைக்கு 0.07 மில்லிகிராம். 20 பிபிஎம் தண்ணீரில் ஒரு டீஸ்பூனே 0.1 மில்லிகிராம். ஒரு ஸ்பூன்தானே என்று சொல்லக்கூட இடமில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்: வெள்ளி டம்ளரில் குடிக்கிறோமே, குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் ஊட்டுகிறோமே, அதுவும் தப்பா என்று. தப்பில்லை. வெள்ளி உலோகம் சும்மா தண்ணீரிலோ பாலிலோ இருந்தால் கரைவது மிகமிகச் சொற்பம். பேட்டரி இணைத்து வலுக்கட்டாயமாகக் கரைப்பதும் இதுவும் ஒன்றல்ல. சங்கைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறீர்களா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. சித்த மருத்துவத்தில் வெள்ளி பற்பம் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். அது புடமிட்டுச் செய்யும் வேறு பொருள், படித்த சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து அரிசி எடைக் கணக்கில் கொடுப்பது. அதைக் காட்டி டம்ளர் தண்ணீரை நியாயப்படுத்த முடியாது.

மாமியார் ஒரு வாய்தான் குடிக்கிறார் என்கிறீர்கள். அவருக்குச் சிக்கல் வேறு வழியில் வருகிறது. தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், இந்தத் தண்ணீரையும் வெறும் வயிற்றில்தான் குடிக்கச் சொல்கிறார்கள். வெள்ளி அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கக்கூடியது. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்ஸசின் மாதிரியான ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே கதிதான், கால் புண்ணுக்கு மாமனாருக்கு யாராவது அவற்றை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் மனதில் வையுங்கள். மாமியாருக்குச் சில வாரங்களாக அசதி, மலச்சிக்கல், உடம்பு கனம் கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்தி ஒன்றரை மாதம் கழித்து தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பாருங்கள். அதற்குள் மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

இனி அந்தப் புண். எத்தனை நாளாக இருக்கிறது, எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று ஒன்றும் எழுதவில்லை. சர்க்கரைக்காரர் பாதத்தில் புண் ஆறாமல் இருப்பதற்குக் காரணம் கிருமி மட்டும் இல்லை. நரம்பு மரத்துப்போய், செருப்பில் கல் இருந்தாலும் தெரியாமல் நடக்கிறார். இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட வெள்ளி தொடாது. மருத்துவமனையில் கிடைக்கும் வெள்ளி சேர்த்த டிரெஸ்ஸிங்கையே, ஆறுவதற்காக என்று சர்க்கரைப் புண்ணில் வழக்கமாகப் போட வேண்டாம் என்றுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வீட்டு டம்ளரில் செய்த தண்ணீர் கிருமி நீக்கியதும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். மருந்துக் கடையில் நார்மல் சலைன் வாங்கி அதனால் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். அந்தக் காலை ஊன்றி நடப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். வயல்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் புண் ஆறுவதில் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. மருத்துவர் பாதத்தில் நாடி பார்ப்பார், மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்ப்பார், தேவையானால் எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார், செத்த தோலை வெட்டி எடுப்பார். ஆறிய பிறகு, சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு கேட்டு வாங்குங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதையெல்லாம் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவரிடமும் காலைத் திறந்து காட்டுங்கள். 2021இல் அந்தத் திட்டம் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு புண்ணை வேட்டிக்குள் மறைத்துக்கொள்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். புண் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, சிவப்பு கணுக்கால் பக்கம் ஏறினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ வாரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

பையனின் சளி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயதில் வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், பால்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பெரும்பாலும் வைரஸ், தானாகவே போகும். மூன்று நாளைத் தாண்டிக் காய்ச்சல், வேகமான மூச்சு, விலா உள்வாங்குவது, சாப்பிட மறுத்துச் சோர்ந்து படுப்பது இருந்தால் காட்டுங்கள். எடை ஏறிக்கொண்டிருக்கிறதா, தடுப்பூசி அட்டை முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்து வைத்திருக்கும் பாட்டில்களைக் கிணற்றிலோ குட்டையிலோ ஊற்றாதீர்கள், மீனுக்கும் பாசிக்கும் வெள்ளி நல்லதல்ல. கிணற்றுக்குத் தள்ளி வெறும் மண்ணில் ஊற்றிவிடலாம். கம்பி உண்மையிலேயே சுத்த வெள்ளி என்றால் அதற்குக் கடையில் விலை உண்டு. தம்பியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், மாமனார் மேல் அக்கறையில்தான் செய்திருக்கிறார்.

கடைசியாகப் போர் தண்ணீர். இதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், நம் மாவட்டத்துக்கு முதலில் கேட்க வேண்டியது இது. நம் போர் தண்ணீரில் குளோரைடு இருக்கும், வெள்ளித் தண்ணீரை ஊற்றியதும் வெள்ளி குளோரைடாக மாறி லேசாகப் பால் மாதிரி கலங்கும், வெளிச்சத்தில் வைத்தால் கறுக்கும். கிருமியைக் கொல்லும் சக்தி அதோடு பெருமளவு போய்விடும். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் தம்பி செய்த தண்ணீர் அதைப் போல 200 மடங்கு. கிருமிதான் கவலை என்றால் கொதிக்க வைத்து ஆற்றுங்கள், அல்லது குளோரின் மாத்திரை போடுங்கள்.

ஆனால் நம் நிலத்தடித் தண்ணீரின் பெரிய தலைவலி கிருமி அல்ல, ஃபுளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தருமபுரி மாவட்டத்தில் பல கிராமங்களில் அதைத் தாண்டி இருந்ததால்தான் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முதுகு விறைப்பு, மூட்டு மடக்க முடியாத நிலை எல்லாம் வந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். வெள்ளி ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். உங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக் கொட்டகை கழுவவும் இருக்கட்டும். வரவில்லையென்றால் ஆர்.ஓ. ஃபுளோரைடைக் குறைக்கும். அதற்கு முன்னால் உங்கள் போரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட விட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிரப்பி மூடி, தருமபுரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். வெறும் டி.டி.எஸ். மட்டும் பார்த்துத் தந்துவிடாமல் ஃபுளோரைடு அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.